முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளர்: பிராட் ஸ்டீவன்ஸ் ஏறிய படிகள்

2007 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் உள்ள பட்லர் பல்கலைக்கழகம் தன் ஆண்கள் கூடைப்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளரை அறிவித்தது. அவர் பெயர் பிராட் ஸ்டீவன்ஸ். வயது 30. அதற்கு முன் எந்தக் கல்லூரி அணிக்கும் அவர் தலைமை தாங்கியதில்லை. தொழில்முறை ஆட்டக்காரராக ஒருநாளும் இருந்ததில்லை. மூன்றே ஆண்டுகளில் அவரது அணி தேசிய இறுதிப் போட்டியில் ஆடியது. அடுத்த ஆண்டும் அதே மேடைக்கு வந்தது. 36 வயதில் அவர் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியின் பயிற்சியாளரானார். 47 வயதில், அதே அணியின் நிர்வாகத் தலைவராக, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வின் சாம்பியன் பட்டத்தைக் கண்டார்.

தூரத்தில் இருந்து பார்த்தால் இது அதிர்ஷ்டக்காரர் ஒருவரின் திடீர் உயர்வு போலத் தெரியும். அருகில் போய்ப் பார்த்தால் வேறு கணக்கு தெரிகிறது. தலைமைப் பொறுப்புக்கு முன் ஏழு ஆண்டுகள் அவர் அதே அலுவலகத்தில், யார் கண்ணிலும் படாத வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். ஓர் இளைஞர் இவ்வளவு பெரிய பொறுப்புக்கு எப்படித் தயாராகிறார், ஒரு சிறிய பல்கலைக்கழகம் அவரை எப்படி அடையாளம் காண்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஏழு ஆண்டுகளில்தான் விடை இருக்கிறது.

பதவிப் படிகள்

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு ஒரு பெருந்தொழில். அதை ஆளும் அமைப்பு என்.சி.ஏ.ஏ. பல்கலைக்கழகங்கள் மூன்று பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முதல் பிரிவில் 350-க்கும் மேற்பட்ட ஆண்கள் கூடைப்பந்து அணிகள் ஆடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் மார்ச்சில் தொடங்கும் தேசியப் போட்டிக்கு 2011 முதல் 68 அணிகள் தேர்வாகின்றன. தோற்ற அணி அன்றே வீடு திரும்ப வேண்டும். எஞ்சும் நான்கு அணிகளின் கட்டத்துக்கு 'ஃபைனல் ஃபோர்' என்று பெயர். ஒரு பயிற்சியாளரின் வாழ்நாள் மதிப்பே பெரும்பாலும் அந்த ஒரு சொல்லால் அளக்கப்படுகிறது.

தலைமைப் பயிற்சியாளரின் வேலை ஆட்டம் சொல்லிக் கொடுப்பதோடு முடிவதில்லை. பள்ளி மாணவர்களிடையே திறமைசாலிகளைக் கண்டுபிடித்து, பெற்றோரிடம் பேசி, பல்கலைக்கழகத்துக்கு அழைத்துவர வேண்டும். அவர்கள் வகுப்புக்குப் போகிறார்களா, தேர்வில் தேறுகிறார்களா என்று பார்க்க வேண்டும். நன்கொடையாளர், முன்னாள் மாணவர், ஊடகம் என எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். தொடர்ந்து தோற்றால் வேலை போய்விடும்.

இந்தப் பதவிக்குப் பட்டப்படிப்பு எதுவும் கிடையாது. படிப்படியாக ஏறுவதுதான் வழி. சம்பளமில்லாத் தொண்டர் அல்லது முதுநிலை மாணவ உதவியாளர் என்பது அடிப்படி. அடுத்தது அணியின் நிர்வாகத்தைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளர். பயண ஏற்பாடு, தங்குமிடம், சாப்பாடு, ஆட்டப் பதிவுகளை வெட்டித் தொகுப்பது ஆகியவை அவர் பொறுப்பு. களத்தில் இறங்கிப் பயிற்சி கொடுக்கவோ, வெளியூர் சென்று வீரர்களைச் சேர்க்கவோ அவருக்கு விதி இடம் தந்ததில்லை. அதற்கு மேல் உதவிப் பயிற்சியாளர். ஓர் அணிக்கு மூன்று பேர்தான் என்று நெடுங்காலம் வரம்பு இருந்தது. 2023-ல்தான் அது ஐந்தாக உயர்ந்தது. அதற்கும் மேலே இருப்பது ஒரே ஒரு நாற்காலி. பலர் இருபது ஆண்டுகள் உதவியாளராகவே இருந்து ஓய்வு பெறுகிறார்கள்.

இண்டியானாவின் பிள்ளை

ஸ்டீவன்ஸ் பிறந்தது 1976 அக்டோபர் 22 அன்று, தென் கரோலினா மாநிலத்தின் கிரீன்வில்லில். வளர்ந்தது இண்டியானாபொலிஸுக்கு வடமேற்கே உள்ள ஸயன்ஸ்வில் என்ற சிற்றூரில். இண்டியானாவில் கூடைப்பந்து வெறும் விளையாட்டல்ல, மாநிலத்தின் அடையாளம். 1954-ல் 161 மாணவர்களே படித்த மிலான் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளி, கடைசி நொடிகளில் விழுந்த ஒரு கூடையால் 32–30 என்ற கணக்கில் மாநிலப் பட்டத்தை வென்றது. அந்தக் கதை 1986-ல் 'ஹூஸியர்ஸ்' என்ற திரைப்படத்துக்கு அடிப்படையானது. இறுதி ஆட்டம் நடந்த அரங்கமும், படத்தின் இறுதிக் காட்சி எடுக்கப்பட்ட அரங்கமும் ஒன்றே. அது பட்லர் பல்கலைக்கழகத்தின் ஹிங்கிள் ஃபீல்ட்ஹவுஸ்.

ஸ்டீவன்ஸ் சிறுவயதிலேயே பதிவு செய்த ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர். ஸயன்ஸ்வில் பள்ளியின் நட்சத்திர ஆட்டக்காரராகி, பள்ளியின் பல சாதனைகளைத் தன் பெயரில் எழுதினார். ஆனால் முதல் பிரிவுப் பல்கலைக்கழகங்கள் தேடி வரும் அளவுக்கு அவரது ஆட்டம் இல்லை. அதே மாநிலத்தின் கிரீன்கேஸில் ஊரில் உள்ள டிபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அது மூன்றாம் பிரிவு. அந்தப் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை தரக் கூடாது என்பது விதி. படிப்பவர்கள் ஆடுவார்கள், அவ்வளவுதான்.

அங்கே நான்கு ஆண்டுகளும் அணியில் இருந்தார். கடைசி ஆண்டில் ஆட்டத்துக்குச் சராசரியாக 5.4 புள்ளிகள்தான் எடுத்தார். இளையவர்கள் முன்னுக்கு வர, மூத்தவரான அவருக்குக் களத்தில் நேரம் குறைந்தது. பள்ளியில் கொடிகட்டிப் பறந்த ஒருவருக்கு அது எளிதில் செரிக்கும் விஷயமல்ல. பெஞ்சில் உட்காரும் வீரனின் மனநிலை என்ன என்பதை அவர் அங்கேதான் நேரில் அறிந்தார். பிற்காலத்தில் அவரது அணிகளில் மாற்று ஆட்டக்காரர்களும் தங்கள் பங்கைத் தெளிவாக அறிந்து ஆடியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும். 1999-ல் பொருளாதாரத்தில் பட்டம் பெற்றார்.

மருந்து நிறுவனத்திலிருந்து மைதானத்துக்கு

பட்டம் பெற்றதும் இண்டியானாபொலிஸில் தலைமையகம் கொண்ட எலை லில்லி மருந்து நிறுவனத்தில் சந்தைப்படுத்தல் பிரிவில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம், பெயர் பெற்ற நிறுவனம், மேலே போக வழி உண்டு. ஓராண்டு கழிந்தது. 2000 கோடையில் பட்லர் அணியின் பயிற்சியாளர் தாட் மாட்டா, அலுவலகத்தில் தொண்டராகச் சேர வாய்ப்பு தந்தார். தொண்டர் என்றால் சம்பளம் கிடையாது.

ஸ்டீவன்ஸ் வேலையை விட்டார். நண்பர் வீட்டின் நிலவறையில் தங்கிக்கொள்வது, ஆப்பிள்பீஸ் உணவகத்தில் வேலை செய்து கைச்செலவைப் பார்த்துக்கொள்வது என்பது திட்டம். டிபாவில் அவருடன் படித்த டிரேசி அந்த முடிவுக்குத் துணை நின்றார். டிரேசி பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார், 2003-ல் இருவருக்கும் திருமணம் நடந்தது. கணவரின் ஒப்பந்தப் பேச்சுகளைப் பின்னாளில் கவனித்ததும் அவரே.

இந்த முடிவின் எடையைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 23 வயதில், குடும்பப் பொறுப்பு கூடும் முன்பு, தோற்றாலும் மீண்டும் அலுவலக வேலைக்குத் திரும்பலாம் என்ற நிலையில் எடுத்த முடிவு அது. துணிச்சல் இருந்தது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குதித்த துணிச்சல் அல்ல. கையில் ஒரு பட்டமும் அலுவலக அனுபவமும் இருந்தன. எண்களைப் பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பொருளாதாரப் படிப்போடு வந்தது.

கண்ணுக்குத் தெரியாத ஏழு ஆண்டுகள்

தொண்டராக நெடுநாள் இருக்க நேரவில்லை. விரைவிலேயே சம்பளம் உள்ள நிர்வாக ஒருங்கிணைப்பாளர் பதவி கிடைத்தது. எதிரணியின் ஆட்டப் பதிவுகளைப் பார்த்து, யார் எந்தக் கையால் பந்தைக் கொண்டுபோகிறார், எந்த இடத்திலிருந்து எறிந்தால் கூடை விழுகிறது, நெருக்கடியில் யாரிடம் பந்து போகிறது என்று குறிப்பெடுக்கும் வேலை அது. களத்தில் நின்று கத்துவதற்கு முன்னால் ஆட்டத்தைக் கண்ணால் படிக்கக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடம் என்று அந்த அறையைச் சொல்லலாம்.

அந்த முதல் ஆண்டிலேயே பட்லர் தேசியப் போட்டியில் வேக் ஃபாரஸ்ட் அணியைச் சந்தித்தது. இடைவேளையில் கணக்கு 43–10. முன்னணியில் இருந்தது பட்லர். நாட்டுக்கே அது ஆச்சரியம். ஆட்டம் 79–63 என்று முடிந்தது. பெரிய அணிகளை முன்தயாரிப்பால் வீழ்த்த முடியும் என்பதை ஸ்டீவன்ஸ் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார்.

2001-ல் மாட்டா சேவியர் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அவரது உதவியாளர் டாட் லிக்லைட்டர் தலைமைக்கு வந்தார். ஸ்டீவன்ஸ் முழுநேர உதவிப் பயிற்சியாளரானார். அடுத்த ஆறு ஆண்டுகள் எதிரணி ஆய்வு, வீரர் சேர்ப்பு, அன்றாடப் பயிற்சி என எல்லாவற்றிலும் கை வைத்தார். 2003-லும் 2007-லும் பட்லர் தேசியப் போட்டியின் கடைசி 16 அணிகளுக்குள் வந்தது. 2007-ல் அந்த அணியை 65–57 என்று வெளியேற்றியது ஃபுளோரிடா. அந்த ஆண்டின் சாம்பியனும் அதுவே. அந்த ஃபுளோரிடா அணியின் நடுக்களத் தூண்களில் ஒருவர் அல் ஹோர்ஃபோர்ட். இந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

2007-ல் லிக்லைட்டருக்குப் பயிற்சியாளர்கள் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது கிடைத்தது. ஏப்ரல் 2 அன்று அவர் ஐயோவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஸ்டீவன்ஸ் அங்கே இருந்த ஏழு ஆண்டுகளில் இரண்டாவது முறையாகப் பட்லரின் நாற்காலி காலியானது.

ஏன் அவர்?

வெளியிலிருந்து பேர்போன ஒருவரைக் கொண்டுவருவது வழக்கமான வழி. பட்லர் வீரர்கள் வேறு கேட்டார்கள்: உள்ளே இருப்பவர்களிலிருந்தே ஒருவர் வேண்டும் என்றார்கள். பல்கலைக்கழகத்தின் விளையாட்டு இயக்குநர் பேரி காலியர் அதற்குச் செவிசாய்த்தார். காலியரே 1989 முதல் 2000 வரை பட்லர் அணியின் பயிற்சியாளராக இருந்தவர். நெப்ராஸ்காவுக்குப் போய்விட்டு 2006-ல் இயக்குநராகத் திரும்பியிருந்தார். ஒரு பருவம் முழுவதும் உதவிப் பயிற்சியாளர்களின் வேலையை அருகிலிருந்து பார்த்த பிறகுதான் அவர் ஸ்டீவன்ஸைத் தேர்ந்தார்.

அந்தத் தேர்வுக்குப் பின்னால் 'பட்லர் வழி' என்ற மரபு இருக்கிறது. பணிவு, ஈடுபாடு, ஒற்றுமை, சேவை மனம், நன்றியுணர்வு என்ற ஐந்தும் அதன் தூண்கள். அதன் வேர் டோனி ஹிங்கிள் என்ற பழைய பயிற்சியாளரிடம் இருக்கிறது. 1920-களில் தொடங்கி 1970 வரை பட்லரில் கூடைப்பந்து, அமெரிக்கக் கால்பந்து, பேஸ்பால் என மூன்றுக்கும் பயிற்சி தந்தவர் அவர். இன்று உலகமெங்கும் புழங்கும் ஆரஞ்சு நிறப் பந்து 1950-களின் பிற்பகுதியில் அவரது முயற்சியால் வந்தது. அதற்கு முன் பந்து அடர் பழுப்பு, பார்வையாளர் கண்ணுக்கு எளிதில் படாது. 1928-ல் கட்டப்பட்ட பட்லர் அரங்கம் பிற்பாடு அவர் பெயரைப் பெற்றது. மேலே உள்ள பெரிய ஜன்னல்கள் வழியாக மாலை வெயில் நேராகத் தரைப் பலகைகளில் விழும் அந்தக் கட்டடம் 1950 வரை அமெரிக்காவின் மிகப் பெரிய கூடைப்பந்து அரங்கமாக இருந்தது.

மரபு வலுவாக இருக்கும் இடத்தில் வயது பெரிய தடையாவதில்லை. வருபவர் எல்லாவற்றையும் புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. நடக்கும் வேலையைச் சிதறாமல் தொடர்ந்து, தன் கூர்மையை அதில் சேர்த்தால் போதும். ஸ்டீவன்ஸ் அதைத்தான் செய்தார். வீரர்கள் அவரை ஏற்கெனவே அறிவார்கள், அவர்களில் பலரைச் சேர்த்ததிலேயே அவருக்குப் பங்கு இருந்தது. முதல் பருவத்தில் 30 வெற்றி, 4 தோல்வி. இரண்டாவது பருவத்தில் 26 வெற்றி, 6 தோல்வி.

2010: சில அங்குல தூரம்

மூன்றாம் பருவத்துக்கு அவர் கையில் இருந்தது இண்டியானா மண்ணின் பிள்ளைகளைக் கொண்ட அணி. பிரவுன்ஸ்பர்க் ஊரின் கார்டன் ஹேவர்ட், கானர்ஸ்வில் ஊரின் மேட் ஹோவர்ட் ஆகியோரோடு ஷெல்வின் மேக், ரொனால்ட் நோரெட், வில்லி வீஸ்லி ஆகியோர் ஆடினார்கள். பருவத்தின் தொடக்கம் 8 வெற்றி, 4 தோல்வி என்று சுமாராகத்தான் இருந்தது. அதன் பிறகு ஒரு தோல்வியும் இல்லாமல் தொடர்ந்து 25 ஆட்டங்களை வென்றார்கள்.

தேசியப் போட்டியில் டெக்சஸ் எல் பாஸோ, மரே ஸ்டேட், சிரக்யூஸ், கான்சாஸ் ஸ்டேட், மிச்சிகன் ஸ்டேட் என ஐந்து அணிகள் வரிசையாக வீழ்ந்தன. ஐந்தில் ஒன்றுகூட 60 புள்ளிகளைத் தொடவில்லை. எறிதலுக்கான நேரக் கடிகாரம் வந்த பிறகு எந்த அணியும் அதுவரை செய்யாத காரியம் அது. எதிரணிக்கு வசதியான இடத்தில் பந்து கிடைக்காதபடி ஐவரும் சேர்ந்து நகரும் தடுப்பாட்டமே காரணம். அரையிறுதியும் இறுதியும் அந்த ஆண்டு இண்டியானாபொலிஸின் லூகாஸ் ஆயில் மைதானத்தில் நடந்தன. பட்லர் வளாகத்திலிருந்து சில மைல் தூரம்தான். இறுதிப் போட்டி நடந்த திங்கட்கிழமை காலையில் பட்லர் வீரர்கள் வழக்கம்போல வகுப்புக்குப் போனார்கள்.

ஏப்ரல் 5 இரவு, 70,000-க்கும் மேற்பட்டோர் முன்னிலையில், எதிரே நின்றது டியூக் பல்கலைக்கழகம். அதன் பயிற்சியாளர் மைக் ஷஷெவ்ஸ்கி. ஸ்டீவன்ஸ் பிள்ளைப் பருவத்தில் இருந்தபோதே டியூக்கின் தலைமைக்கு வந்தவர். கடைசி நொடிகளில் டியூக் 60–59 என முன்னிலை. ஹேவர்ட் எல்லைக் கோட்டருகே பின்னோக்கிச் சாய்ந்து எறிந்த பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. டியூக்கின் உயரமான நடு ஆட்டக்காரர் பிரையன் ஸூபெக் அதைப் பிடித்தார். ஃபவுல். 3.6 நொடி மிச்சம். ஃபவுலுக்காகக் கிடைத்த தடையில்லா எறிதல்களில், அதாவது ஃப்ரீ த்ரோக்களில், முதலாவதை ஸூபெக் போட்டார். இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். பட்லரிடம் டைம் அவுட் மிச்சமில்லை, ஆகவே நிறுத்தித் திட்டமிட வழியில்லை. ஹேவர்ட் பந்தைப் பிடித்து ஓடினார். ஹோவர்ட் குறுக்கே நின்று ஒரு டியூக் வீரரைத் தடுத்து வழி திறந்தார். மைதானத்தின் நடுக்கோட்டருகிலிருந்து ஹேவர்ட் எறிந்த பந்து பலகையில் பட்டு, வளையத்தின் முன் விளிம்பில் மோதி, கீழே விழுந்தது. சில அங்குலம் இந்தப் பக்கம் வந்திருந்தால் பட்லர் சாம்பியன். முடிவு 61–59.

அப்போது ஸ்டீவன்ஸுக்கு வயது 33. 1940-ல் 31 வயதில் இண்டியானா பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வென்று தந்த பிராஞ்ச் மெக்கிராக்கனுக்குப் பிறகு, இறுதிப் போட்டியில் ஓர் அணியை நடத்திய மிக இளையவர் அவர்தான். மூன்றே நாளில் பட்லர் 2021–22 பருவம் வரை நீளும் ஒப்பந்தத்தை அவருடன் செய்துகொண்டது.

2011: விழுந்த இடத்திலிருந்து

முதல் ஓட்டம் ஒரு பயிற்சியாளரின் திறமையைக் காட்டும். அடுத்த ஆண்டு அவரது குணத்தைக் காட்டும். ஹேவர்ட் இரண்டாம் ஆண்டோடு கல்லூரியை விட்டு என்.பி.ஏ.வுக்குப் போனார். ஒன்பதாவது தேர்வாக யூட்டா ஜாஸ் அவரை எடுத்தது. பட்லர் தடுமாறியது. 2011 பிப்ரவரி 3 அன்று யங்ஸ்டவுன் ஸ்டேட் அணியிடம் தோற்றபோது அணியின் கணக்கு 14 வெற்றி, 9 தோல்வி. தேசியப் போட்டிக்கே தேர்வாகுமா என்று சந்தேகம் வந்த நேரம். அங்கிருந்து பட்லர் 14 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றது.

அந்த வரிசையில் வாஷிங்டனில் பிட்ஸ்பர்க்குடன் நடந்த ஆட்டம் தனியாகச் சொல்லத் தக்கது. 1.4 நொடி மிச்சம் இருக்க, மேக் நடுக்களத்தில் தேவையில்லாத ஃபவுல் செய்தார். பிட்ஸ்பர்க் ஒரு ஃப்ரீ த்ரோவைப் போட்டு 70–70 என்று சமன் செய்தது. அடுத்த எறிதல் தவறியது. பந்தைப் பிடித்த ஹோவர்டைப் பிட்ஸ்பர்க் வீரர் ஒருவர் தட்டினார். கூடையோ எதிர்முனையில் இருந்தது. அங்கிருந்து பந்து போய்ச் சேர வழியே இல்லை, இருந்தும் ஃபவுல். 0.8 நொடி மிச்சம். ஹோவர்ட் ஒன்றைப் போட்டார், இரண்டாவதை வேண்டுமென்றே தவறவிட்டார். 71–70. ஓராண்டுக்கு முன் டியூக் செய்த அதே கணக்கை இம்முறை பட்லர் செய்தது.

அரையிறுதியில் எதிரே இருந்தவர் வர்ஜீனியா காமன்வெல்த் அணியின் ஷாகா ஸ்மார்ட். அவருக்கு வயது 33 தான். இரண்டு இளைஞர்களின் அணிகள் மோதிய அந்த ஆட்டத்தில் பட்லர் 70–62 என்று வென்றது. இரண்டு முறை ஃபைனல் ஃபோருக்கு வந்த மிக இளைய பயிற்சியாளரானார் ஸ்டீவன்ஸ். ஹூஸ்டனில் நடந்த இறுதியில் கனெக்டிகட் 53–41 என்று பட்லரைத் தோற்கடித்தது. பட்லர் எறிந்த 64 பந்துகளில் 12 தான் விழுந்தன. இறுதிப் போட்டிகளின் வரலாற்றிலேயே மிகக் குறைந்த விகிதம் அது. வென்ற அணியின் நாயகன் கெம்பா வாக்கர். இவர் பெயரும் பின்னால் வரும்.

எண்களும் நிதானமும்

ஸ்டீவன்ஸின் முறைக்கு இரண்டு கால்கள். ஒன்று புள்ளிவிவரம். எந்த ஐவர் சேர்ந்து ஆடும்போது அணி முன்னேறுகிறது, எந்த எதிரியை எந்தப் பக்கம் தள்ளினால் அவர் திறன் குறைகிறது என்பதை எண்களால் அறிந்தார். 2012-ல் ட்ரூ கேனன் என்ற இளம் ஆய்வாளரைப் புள்ளிவிவர வேலைக்கென்றே அணியில் சேர்த்தார். கல்லூரி அணிகளில் அது அரிதான காரியம். ஆனால் வீரர்களிடம் எண்களைக் கொட்டுவதில்லை. ஆய்வு முழுவதும் முடிந்தபின் ஒன்றிரண்டு தெளிவான வேலைகளாக அது வீரரைச் சென்றடையும்.

மற்றொன்று நிதானம். கல்லூரிப் பயிற்சியாளர்கள் கோட்டோரம் கத்துவதும் மேல்சட்டையைக் கழற்றி எறிவதும் வழக்கமாக இருந்த காலத்தில் அவர் கைகட்டி நின்றார். 2013 ஜனவரியில் ஹிங்கிள் அரங்கில் கொன்ஸாகாவிடம் பட்லர் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடிகளில் ரூஸ்வெல்ட் ஜோன்ஸ் எதிரணியின் பந்தைப் பறித்து, மணி ஒலிக்கும்போது கூடையில் போட்டார். 64–63. மாணவர்கள் களத்துக்குள் வெள்ளமாகப் பாய்ந்தார்கள். ஸ்டீவன்ஸ் முகத்தில் சலனம் இல்லை. எதிரணிப் பயிற்சியாளரிடம் கைகுலுக்க நடந்தார். பயிற்சியாளர் பதறாதபோது வீரர் பதறுவதில்லை. நெருக்கமான ஆட்டங்களைப் பட்லர் மீண்டும் மீண்டும் வென்றதில் இந்த நிதானத்துக்குப் பெரும் பங்குண்டு.

கல்லூரியிலிருந்து செல்டிக்ஸுக்கு

ஆறு பருவங்களில் 166 வெற்றி, 49 தோல்வி. பெரிய பல்கலைக்கழகங்கள் பல அழைத்தன. அவர் அசையவில்லை. பெரும்பாலான இளம் பயிற்சியாளர்கள் முதல் பெரிய வெற்றியின் சூடு ஆறும் முன் அடுத்த வேலைக்குத் தாவுவார்கள். தங்கியதால் அவருக்குக் கிடைத்தது அனுபவத்தின் ஆழம். சேர்த்த வீரரை நான்கு ஆண்டுகள் வளர்த்து முடிக்கும் வாய்ப்பு, தோற்றபோது திருத்திக்கொள்ளும் அவகாசம்.

2013 ஜூலை 3 அன்று பாஸ்டன் செல்டிக்ஸ் அவரை நியமித்தது. ஆறு ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர் என்று செய்தி வந்தது. 36 வயதில் என்.பி.ஏ.வின் மிக இளைய தலைமைப் பயிற்சியாளர். கல்லூரியில் கொடிகட்டியவர்கள் தொழில்முறை அரங்கில் சறுக்குவது வழக்கம். அதே செல்டிக்ஸில் ரிக் பிட்டினோ 1997 முதல் 2001 வரை முயன்று பாதியில் விலகியிருந்தார். ஸ்டீவன்ஸின் முதல் பருவமும் 25 வெற்றி, 57 தோல்வி. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு அணி ஏறியது: 40, 48, 53, 55 வெற்றிகள். 2017, 2018, 2020 ஆகிய ஆண்டுகளில் கிழக்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஆடியது. பட்லர் மாணவர் ஹேவர்ட் 2017-ல் பாஸ்டனுக்கே வந்து சேர்ந்தார். முதல் ஆட்டத்திலேயே கணுக்கால் முறிந்தது அவருக்கும் அணிக்கும் பேரிழப்பு. எட்டுப் பருவங்களில் ஸ்டீவன்ஸின் கணக்கு 354 வெற்றி, 282 தோல்வி.

2021 ஜூன் 2 அன்று அவர் பெஞ்சை விட்டு அணியின் கூடைப்பந்து நிர்வாகத் தலைவரானார். முதல் பெரிய முடிவாக, கெம்பா வாக்கரை அனுப்பிவிட்டு அல் ஹோர்ஃபோர்டைத் திரும்ப அழைத்து வந்தார். உதவியாளராகவும் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்த காலத்தில் தன் கல்லூரி அணியைத் தோற்கடித்த இருவர் இப்படி ஒரே பரிமாற்றத்தில் சந்தித்தார்கள். டெரிக் வைட், ஜ்ரூ ஹாலிடே, கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸ் ஆகியோரை அவர் அடுத்தடுத்துச் சேர்த்தார். 2022-ல் 34 வயதான ஜோ மஸூலாவிடம் அணியை ஒப்படைத்தபோது, 2007-ல் காலியர் தனக்குச் செய்ததை அவர் இன்னொருவருக்குச் செய்தார். 2024 ஜூனில் டாலஸை 4–1 என்று வென்று செல்டிக்ஸ் தன் 18-ஆவது பட்டத்தை எடுத்தது. அந்தப் பருவத்தின் சிறந்த நிர்வாகி விருதும் ஸ்டீவன்ஸுக்கே.

இதே பாதையில் மற்றவர்கள்

இளம் வயதில் பொறுப்பேற்றவர்கள் அவருக்கு முன்னும் உண்டு. பாப் நைட் 1965-ல் 24 வயதில் அமெரிக்க ராணுவக் கல்லூரி அணியின் தலைமைக்கு வந்தார். அவரிடம் ஆடிய ஷஷெவ்ஸ்கி அதே அணிக்கு 28 வயதில் பயிற்சியாளரானார். பிட்டினோ 25 வயதில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கினார். 2022-ல் ஷஷெவ்ஸ்கி ஓய்வு பெற்றபோது டியூக் பொறுப்பை ஏற்ற ஜான் ஷையருக்கு வயது 34. 2010 இறுதியில் பட்லரை வென்ற டியூக் அணியில் ஆடியவர் அவர், பின்பு எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஷஷெவ்ஸ்கியின் பெஞ்சில் இருந்தவர். 2025-ல் 39 வயதில் ஃபுளோரிடாவுக்குத் தேசியப் பட்டம் வென்று தந்தார் டாட் கோல்டன். 1983-ல் வென்ற ஜிம் வால்வானோவுக்குப் பின் இவ்வளவு இளையவர் எவரும் பட்டம் பெற்றதில்லை.

இன்று இந்த வேலையின் தன்மையே மாறிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் புகழையும் வைத்துப் பணம் சம்பாதிக்கலாம். வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறி உடனே ஆடலாம். 2025–26 முதல் பல்கலைக்கழகங்களே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டாலர் வரை வீரர்களுடன் வருமானத்தைப் பகிர்ந்துகொள்ள அனுமதி வந்துள்ளது. மேட் ஹோவர்ட் போல ஒரு வீரரை நான்கு ஆண்டுகள் வைத்து வளர்ப்பது சிறிய பல்கலைக்கழகங்களுக்கு முன்னைவிடக் கடினம். ஒவ்வொரு வசந்தத்திலும் பாதி அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய நிலையில், தலைமைப் பயிற்சியாளர் பாதி நிர்வாகியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த மாற்றத்திலும் அடிப்படை மாறவில்லை. ஸ்டீவன்ஸுக்குப் பட்லரில் உதவியாளராக இருந்த மைக்கா ஷ்ரூஸ்பெரி 2023-ல் நோட்ர டேம் அணியின் தலைமைக்கு வந்தார். ஸ்டீவன்ஸுக்கு முதல் வாய்ப்பு தந்த தாட் மாட்டா 2022-ல் மீண்டும் பட்லரின் பயிற்சியாளரானார். இளையவருக்குப் பெரும் பொறுப்பு கொடுக்கலாமா என்ற கேள்விக்கு இந்த வரலாறு தெளிவாகவே பதில் சொல்கிறது. கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் அவருக்குப் பின்னறையில் வேலை கற்க ஆண்டுகள் வேண்டும், அந்த வேலையைக் கூர்ந்து கவனிக்கும் மூத்தவர் ஒருவர் வேண்டும், முதல் தோல்வியில் கைவிடாத நிறுவனம் வேண்டும். இந்த மூன்றும் ஸ்டீவன்ஸுக்குப் பட்லரில் கிடைத்தன. 30 வயதில் பொறுப்பேற்ற அவர் அதைத் தாங்கி நின்றதற்கு அவைதான் காரணம்.